வெளியேறு

ஆறரைக்கு நெடுங்கேணி பஸ் திரும்பினதும்
கடையைச் சாத்துவேன்.
நாலு கொம்பியூட்டர். நாலிலும்
ஆராவது ஒரு ஆள் தன்னை விட்டிட்டுப் போயிருக்கும்.
வங்கிக்கடன் மறுப்பு, கனடா மாமாவின் கோபம்,
கம்பஸ் பெட்டையின் காதல்,
எல்லாம் ஆவென்று திறந்தபடி.

மேல் மூலையில் ஒரு சின்னச் சொல் கிடக்கும்: வெளியேறு.
ஷெல் சத்தத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு
சட்டி பானையோடு ஓடினவர்கள்தான் இந்த ஊரில் எல்லாரும்.
திரையில் கண்டால் மட்டும்
ஒருத்தருக்கும் கை வருகுதில்லை.
நான்தான் ஒவ்வொருவராய் வெளியேற்றிவிட்டு
மெயின் சுவிச்சை நிறுத்துவேன்.

முள்ளியவளையில் இரகசியம் காப்பது பகிடி இல்லை.
"தங்கச்சி, நீரே அடியும்" என்று
பாஸ்வேர்ட்டைச் சத்தமாய்ச் சொல்லுவார் சங்கக்கடை மனேச்சர்.
அவரின் மாட்டின் பெயர். பக்கத்தில் நிற்கிறவனும் சிரிப்பான்.
பாலைப்பழக் காலத்தில் கேட்கவே தேவையில்லை.
பெடியள் தின்ற கையோடு வருவார்கள்,
எந்தெந்த எழுத்தில் பால் ஒட்டியிருக்குதோ
அதுதான் திறப்பு.

அன்றைக்கு மூன்றாவது மெசினில்
சுகிர்தமலர் திறந்தபடி இருந்தாள்.
அவள் எழும்பிப் போன பிறகு வந்த கடிதம்,
இன்னும் தடித்த எழுத்தில்.
பார்க்கவில்லை என்றால் பொய்.
அனுப்பினவரின் பெயர் மட்டும்: கேதீஸ்வரன்.
அவளின் தம்பி.
பதினைந்து வருசமாய்
ஆர் கேட்டும் பதில் வராத பெயர்.

பெயருக்குப் பின்னால் எட்டு இலக்கம்,
முந்தநாள் பிறந்த விலாசம்.
கள்ளன் என்று எனக்குப் பார்த்த உடனே தெரியும்.
அழித்துவிடலாம். விரல் அங்கேதான் நின்றது.
மற்றவளின் கடிதத்தை அழிக்கிற நான் ஆர்?
அவனுக்கு ஒரு படி கீழே நிற்கிற கள்ளி.
வெளியேறு.
அழுத்தினேன்.

விடிய வந்தாள். நூறு ரூபா வைத்தாள்.
வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.
மலேசியாவில் தடுப்பில் இருக்கிறானாம்,
வங்கிக் காட் இலக்கம் வேணுமாம்,
போனுக்கு வருகிற ஆறு இலக்கத்தையும்
உடனே அனுப்பட்டாம்.
கீழே படம்.
அவன்தான். அதே கோடுபோட்ட சேட்.

"பெரிசாக்கும்," என்றாள்.
பெரிசாக்கினேன்.
இடது மூலையில் மங்கலாய் ஒரு பெருவிரல்,
நகத்தில் வெடிப்பு.
கிளிநொச்சியில் வீதியோரம்
இந்தப் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற விரல்.
ஆரோ எடுத்து, ஆரோ போட்டு, ஆரோ வெட்டி,
விரலை வெட்ட மறந்திட்டான்.

தன் விரலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.
அழவில்லை. ஒரு தூஷணம் சொன்னாள்,
அவள் வாயில் நான் கேட்ட முதலாவது.
பிறகு,
"இவனைத் தடுத்தால்
அந்தப் பெயரும் இனி வராதோ?"

எனக்கு அதற்கு விடை தெரியாது.
எனக்குத் தெரிந்தது எந்த பட்டனை எங்கே அழுத்துவது,
அவ்வளவுதான்.

தடுத்தோம்.
அவளின் பழைய பாஸ்வேர்ட் தம்பியின் பெயரும் பிறந்த வருசமும்.
இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.
மழையிலும் வெயிலிலும் தூக்கிப் பிடிக்கிற
பதாகையில் எழுதியிருப்பதும் அதுதான்.

புதிதை அடிக்கும்போது
நான் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தேன்:
பதினாலு தட்டல்.
நடுவில் ஒரு நீண்ட இடைவெளி.

எழும்பிப் படிவரை போனவள்
திரும்பி வந்து,
கதிரையில் இருக்காமலே, குனிந்து,
தானே அழுத்தினாள் அந்தச் சொல்லை.

பின்னேரம் ஸ்பிரிட் தோய்ந்த பழந்துணியால்
மூன்றாவது மெசினின் எழுத்துகளைத் துடைத்தேன்,
அவள் தொட்டதையும் தொடாததையும்
ஒரே மாதிரி.