அரை விரற்கடை

எங்கள் ஊரில் அது தெரியாது.
முதலில் எழுதிவைத்தவள் காந்திமலர்:
வடதுருவ ஒளி, ஹப்புத்தளை, வாய்ப்பு இல்லை.
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கம்.
மேலே ஒரு வால்வெள்ளி, நான்கு எரிகல் மழை.
பாதிக்கு நேரே மூடுபனி என்று இருக்கும்.

சூரியன் வெடித்ததை நஸ்மிதான் சொன்னான்,
போன் திருத்தும் கடையில்
யாருடையதோ உடைந்த திரையைக் கழற்றியபடி.
இரண்டு நாளில் பூமிக்கு வந்துவிடுமாம்.
தபாலுக்குப் பரவாயில்லை என்றார் சிவனு.

ஆகவே போத்தல்.
கழுவியும் அன்னாசி மணக்கும் ஜாம் போத்தல்.
உள்ளே ஒற்றைப் பட்டுநூலில்
பழைய ஸ்பீக்கரின் காந்தத் துண்டு,
அதன் முதுகில்
பவுடர் டப்பாக் கண்ணாடியின் நகமளவு சில்லு.
எதிரே லேசர். அது பள்ளிக்கூடத்துடையது,
திங்கட்கிழமைக்கு முன் திருப்பவேண்டும்.
சிவப்புப் புள்ளி சில்லில் பட்டு
காம்பிராவைக் கடந்து
அடுப்படிச் சுவரில் போய்க் குந்தியது.

இரும்பெல்லாம் வெளியே போயிற்று.
கவ்வாத்துக் கத்தி, வாளி,
சிவனுவின் கட்டில், அதைக் கழற்றவே ஒரு மணிநேரம்.
நனையுதே, நனையுதே என்று
யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டு
ஜெபராணி மெத்தையை மட்டும் காப்பாற்றினாள்.
என் இடுப்பிலிருந்த
பிள்ளைக் காம்பிராச் சாவிக்கொத்தையும் பிடுங்கினார்கள்.

ஒன்பது மணிக்கு வானம் இருந்த இடத்தில்
பனி.
எட்டிப் பார்த்த நஸ்மிக்கு
எதிர் லயத்து விளக்குகூடக் கிடைக்கவில்லை.

பத்து இருபது. புள்ளி துள்ளியது.
காந்திமலர் பென்சிலை எடுத்தாள்.
மரக்கறி லொறி, கீழ் ரோட்டில்.
பத்து ஐம்பது. மறுபடியும்.
அது ஜெபராணி, தகரக் கதவைத் தள்ளி
தேத்தண்ணி கொண்டுவந்தது.
ஆளுக்கொரு சீனித்துண்டைக் கடித்துக்கொண்டு
பேசாமல் இருந்தோம். பேசினாலும் ஆடுமோ என்று பயம்.

பதினொன்றே முக்கால்.
லொறி இல்லை, கதவு இல்லை.
பக்கத்துக் காம்பிராக் குழந்தை
இருமலை நிறுத்தியிருந்தது.
புள்ளி நகர்ந்தது.

துள்ளவில்லை.
படுத்திருந்த மாடு
கூப்பிட்ட திசைக்குத் தலையைத் திருப்புமே,
அப்படி.

நூல் முறுக்கு அவிழுது என்றார் சிவனு.
அவிழ்ந்தால் திரும்பி வராதே என்றாள் காந்திமலர்.
வந்தது.
வந்து, பழைய கோட்டைத் தாண்டி, நின்று,
என்ன நினைத்ததோ, மறுபடி போயிற்று.

அந்நேரம் வடக்கே எங்கோ
முகம் தெரியாத மனிதர்கள்
வீட்டுக் கூரையில் ஏறி நின்று
பச்சை பச்சை என்று கத்தியிருப்பார்கள்.
தேர்வடத்தின் கடைசியைப் பிடித்தவனுக்குத்
தேர் தெரியாது.
உள்ளங்கை அறியும்,
அது அசைந்துவிட்டதென்று.

நஸ்மி அழுதானா, சளியா, நான் கேட்கவில்லை.

நாலு மணிவரை சுவரில் பென்சில் கோடுகள்.
ஓரத்தில் நேரம், என் கையெழுத்தில், கோணலாக.
பிரட்டுக்குப் போகுமுன் ஜெபராணி எட்டிப் பார்த்தாள்.
என்ன நிறம்?
சிவப்பு என்றார் சிவனு.
அது லேசருடையது என்று
யாரும் திருத்தவில்லை.

காந்திமலர்
வாய்ப்பு இல்லை என்பதை வெட்டவில்லை.
பக்கத்தில் எழுதினாள்:
அரை விரற்கடை, இடப்புறம்.

கட்டிலைத் திரும்பப் பூட்டும்போது
ஒரு மரையாணி குறைந்தது.
தேயிலைக்குள் எங்கோ விழுந்திருக்கிறது.
இரண்டு வாரமாகச் சிவனு
சரிந்தே படுக்கிறார்.
காந்தம் கட்டித் தேடலாம் என்கிறான் நஸ்மி.