ஈரத் தார்

மூன்று நாள் விடாமல் வாடை அடித்தது.
ரெவியர் கடற்கரைச் சாலையில் மணல் ஏறிக் கிடந்தது,
லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல்.
விடியற்காலை நாலே முக்காலுக்கு டெஸ்மண்டின் செய்தி:
டவ்கி. சூப்பர் மார்க்கெட் வாசல். உயிரோடு.
பேக்கரியில் வேலை பார்க்கும் மருமகன் சொன்னானாம்.

இருபத்தாறு குளிர்காலமாக நான் தேடும் பறவை.
கைக்குள் அடங்கும், கறுப்பும் வெள்ளையும்,
கழுத்து வைக்க மறந்துபோன மாதிரி ஒரு உருவம்.
வடதுருவப் பனிக்கருகே கோடிக்கணக்கில் இருக்கிறதாம்.
எனக்கு ஒன்றுகூட இல்லை.
பாறை முனைகளில் இமை உறைய நின்றிருக்கிறேன்.
பக்கத்தில் நிற்பவர் "அதோ" என்பார்.
தொலைநோக்கிக்குள் வருவது
இறால் கூட்டின் மிதவையாக இருக்கும்.

இந்த வருடப் பட்டியல் மோசமில்லை.
விமான ஓடுபாதைப் புல்லில் வெள்ளை ஆந்தை.
கம்பிவேலியில் விரல் கோத்து அரை மணி நேரம் பார்த்தேன்,
அது என் பக்கம் திரும்பவேயில்லை.
வின்த்ராப்பில், திருமதி லோம்பார்டியின் சமையலறை ஜன்னலில்,
மெக்சிகோவில் இருந்திருக்க வேண்டிய மஞ்சள் டேனஜர்
ஆரஞ்சுத் துண்டைக் கொத்திக்கொண்டிருந்தது.
பத்துப் பேருக்கு அவர் காபி போட்டார்.
நாங்கள் சேற்றுப் பூட்ஸோடு உள்ளே போனோம்.
அடுத்த வாரம் பறவை செத்துக் கிடந்ததை
அவர் எனக்கு மட்டும் போனில் சொன்னார்.
பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இரவு உடைக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு
ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன்.
ஆறு பேர், ஆறு முக்காலி, மழை.
கம்பத்து விளக்குகளின் கீழே
ஐந்நூறு கார் நிற்கும் இடம் காலியாக மினுங்கியது.
பறவை இல்லை.

தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தவர்
எங்களைக் கண்டதும் நின்றார்.
சட்டையில் பெயர்: அடலீனு.
"அதுவா? கொண்டுபோய் விட்டுவிட்டேனே."
"எங்கே?"
"தண்ணீரில்தான். வேறெங்கே விடுவது?"

டெஸ்மண்ட் முக்காலியின் ஒரு காலை மடக்கினார்,
மறுபடி நீட்டினார்.

"கால் ரொம்பப் பின்னால் இருக்கிறது அதுக்கு.
தரையிலிருந்து எழும்ப வரவில்லை.
நெஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் போனது.
பால் வேன் சக்கரத்துக்கும் அதுக்கும் இவ்வளவுதான் இடைவெளி."
இரண்டு விரலைக் காட்டினார்.
"எங்கள் தீவிலும் இரவில் விளக்கைப் பார்த்து விழும்.
வேறு பறவை.
தூக்குகிற விதம் ஒன்றுதான்."

"படம் எடுத்தீர்களா?" என்று ஹெஸ்டர் கேட்டாள்.
"கையில் பறவை இருந்தது, மேடம்."

வாழைப்பழப் பெட்டியை எங்களிடம் காட்டினார்.
அடியில் அவருடைய ஸ்வெட்டர்,
அதில் ஒரு சொட்டு எச்சம், லேசான மீன் வாடை.
ஹெஸ்டர் அதைப் படம் எடுத்தாள்.
படிவத்தில் எத்தனையோ கேள்விகள் உண்டு:
எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்,
வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து.
நான் பேனாவைத் திறந்து மூடினேன்.

ஒவ்வொருவராகக் காருக்குப் போனார்கள்.
நான் போகவில்லை. ஏனென்று தெரியவில்லை,
இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே
முட்டி போட்டேன். மூட்டு வலித்தது.
இன்னும் குனிந்து, கன்னம் தரையைத் தொடும் அளவுக்கு.

அங்கிருந்து பார்த்தால்
கோடுகள் தெரியவில்லை. வண்டிகளும் தெரியவில்லை.
காற்று கறுப்புத் தண்ணீரைச் சுருக்கிச் சுருக்கி
என்னை நோக்கித் தள்ளியது,
விளக்குகள் அதில் நீளமாக உடைந்தன,
கரையென்று எங்கும் ஒன்றுமில்லை.
நானும் இறங்கியிருப்பேன்.

"மேடம்," என்றார் அடலீனு, "கார் வருகிறது."