நாற்பத்து மூன்று யூனிட்

'அணைக்க வேண்டாம்' என்று
துண்டில் எழுதி
சுவிட்சுக்கு மேல் ஒட்டியிருக்கிறான் தவநேசன்.
அவனைத் தவிர வீட்டில் நான் ஒருத்திதான்.
யாருக்கு எழுதியது என்று கேட்கவேண்டியதில்லை.

பாட்டுக் கேட்பது கிழமைக்கு ஒருக்கால்,
ஞாயிறு, மீன் பொரித்துச் சாப்பிட்ட பிறகு,
அதுவும் அரை மணித்தியாலத்தில் உறங்கிவிடுவான்.
மற்ற ஆறு நாளும்
அம்ப்ளிஃபயர் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும்,
கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டுப் பொட்டும் வைத்து
வாகனம் வராமல் இருப்பவளைப்போல.

கணக்குப் பார்த்தேன்.
அறுபது வாற்ஸ், இருபத்துநாலு மணித்தியாலம், முப்பது நாள்:
நாற்பத்து மூன்று யூனிட்.
பில்லில் எங்களை அடுத்த படிக்குத் தூக்கி இருத்துவது
சோற்றுப் பானையுமில்லை, ஃபேனுமில்லை,
பாடாத பாட்டு.

துறைமுகத்து இழுவைப்படகில் எஞ்சின்காரன்.
நியாயம் வைத்திருக்கிறான்.
"எஞ்சினைக் கொல்லுறது ஓட்டமில்லை,
நிப்பாட்டி நிப்பாட்டித் தொடங்கிறது.
மற்றது, இஞ்சத்தை உப்புக் காத்து..."
ஜன்னல் கம்பியைக் காட்டுவான்.
தொட்டால் பொருக்கு உதிரும்.
சூட்டோடு கிடந்தால் ஈரம் கிட்ட வராதாம்.

போன வருசம் கரகரத்தபோது
கிண்ணியாவிலிருந்து முபாரிஸ் வந்து மூடியைக் கழற்றினார்.
உள்ளே, செப்புச் சுருளுக்குப் பக்கத்தில்
பல்லி முட்டை இரண்டு.
"ஓன்லயே வச்சா கப்பாசிற்றர் காஞ்சு போகும், சேர்.
ஓஃப் பண்ணி வச்சா உப்புத் தின்னும்.
எதால மவுத்தாகணும் எண்டு
நீங்கதான் சொல்லோணும்."
நான் சிரித்தேன். தவநேசன் சிரிக்கவில்லை.
முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்து
முபாரிஸ் மூடியைப் பூட்டினார்.

இந்த ஆடியில்
அம்பாந்தோட்டைக்கு ஒரு பார்ஜைக் கட்டியிழுத்துப் போனான்.
நாலு நாள்.
முதல் இரவு துண்டை வாசித்தேன்.
வாசித்துக்கொண்டே அமத்தினேன்.
ஸ்பீக்கருக்குள் 'டொப்' என்று ஒன்று.

கடல் நின்றுவிட்டது.

ஏகாம்பரம் வீதிக்கு வந்து நாலு வருசம்.
படுத்தால் கடல் கேட்கும் என்று
தங்கைக்கு எத்தனை தரம் ஃபோனில் சொல்லியிருப்பேன்.
வாடகை கூட என்று அவன் முணுமுணுத்தபோதும்
அதைச் சொல்லித்தான் வாயடைத்தேன்.
சோளகத்தில் இந்தப் பக்கத்துக் கடல்
தட்டில் ஊற்றிய கஞ்சி, அசையாது.
தெரியும். தெரிந்துகொண்டே
நாலு சோளகம் இரைச்சல் கேட்டிருக்கிறேன்.
கரண்ட் போன இரவுகளில்
நுளம்போடு சண்டை, கவனிக்கவில்லை.

ஃபேனையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.
ஒரு நாய். கோட்டைப் பக்கம் ஒரு ஓட்டோ.
வேறொன்றுமில்லை.

பத்து மணிக்கு எடுத்தான்.
"அம்ப் ஓன்லதானே?"
"ஓம்."
அவனுக்குப் பின்னால்
உண்மையான கடல் அடித்துக்கொண்டிருந்தது,
பாதிச் சொற்களை அதுவே தின்றது.
"என்ன? கேக்கேல்லை."
"ஓம் எண்டனான்."

பிறகு எழுந்துபோய்ப் போட்டிருக்கலாம்.
போடவில்லை.
நாலு இரவும் ஒன்றுமில்லாததைக் கேட்டபடி கிடந்தேன்,
நித்திரை வராமலில்லை, வேறுமாதிரி வந்தது.

அவன் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போட்டேன்.
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
மூடியில் புறங்கையை வைத்தான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
"சூடு காணாது."
"மழை பெஞ்சது" என்றேன்.
ஆடி மாதம்.
முற்றத்துப் புழுதியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான், குளிக்கப் போனான்.

இரவு, பாதி உறக்கத்தில் சொல்கிறான்:
"அங்க ஒரே எஞ்சின் சத்தம்.
வீட்டுக்கு வந்தாத்தான்
கடல் ஒழுங்காக் கேக்குது."

இருட்டில் அந்தச் சிவப்புப் பொட்டு.
வாய் திறந்தேன், மூடினேன்.
அதன் பக்கமிருந்து பல்லி ஒன்று சொன்னது,
அவன் சொன்னதற்கா
நான் சொல்லாததற்கா.