நான்கு வாரக் காதுவலி

நீச்சல் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்:
"எல்வரின் காது இப்போது எப்படி இருக்கிறது?"
எனக்குத் தெரிந்து அவன் காதில் கோளாறு இல்லை.
கூப்பிட்டால் கேட்பதில்லை, அது வேறு.

செவ்வாய்தோறும் துவாலை ஈரமாகத்தான் வீடு வந்தது.
முகர்ந்து பார்த்தேன்.
குளோரின் இல்லை.
பள்ளிக் குழாயில் நனைத்து
பிழிந்து, மடித்து, பைக்குள் வைத்திருக்கிறான்.
பொய்யைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவனை
என்ன சொல்லித் திட்டுவது?

கேட்கவில்லை.
ஐஸ்லாந்தின் வடக்கே ஒரு கடலிடுக்கில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
தகட்டை அழுத்தி இறக்கினால்
பனியோடு சாலையும் பெயர்ந்துவிடும்.

ஜனவரி. காலை ஐந்து. மலைப்பாதை.
தூக்கம் வரவில்லை என்று அவனும் ஏறிக்கொண்டான்,
எங்கே மடக்குவதென்று தெரியாத
புதுக் கால்களோடு.
கண்ணாடிக்கு வெளியே விளக்கு எட்டும்வரை வெள்ளை,
அதற்கப்பால் ஒன்றுமில்லை.
முகம் பார்க்காமல் பேச
இதைவிட நல்ல அறை எங்கள் வீட்டில் கிடையாது.

"அம்மா" என்றான்.
"அம்" பழைய குரல்.
"மா" யாரோ ஒரு மீனவனுடையது.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"எனக்கும் வந்துவிட்டது."
"என்ன?"
"உனக்கு வந்தது."

இடது மார்பில், தோலுக்கடியில்,
ஊறவைத்த பட்டாணி அளவு.
சட்டை உரசினால் வலிக்கிறதாம்.

வண்டியை நிறுத்தினேன்.
துடைப்பான்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்
எனக்கொரு கட்டி. ஊசி குத்திப் பார்த்தார்கள்.
ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.
அந்த ஒன்றுமில்லையை இவனிடம் சொன்னேனா?
அன்றிரவு சூப் வைத்தது நினைவிருக்கிறது.
சின்னப் பையன், மறந்திருப்பான் என்று இருந்துவிட்டேன்.
அவனோ
தன் உடம்பில் அதைத் தேடிக்கொண்டே
வளர்ந்திருக்கிறான்.

"அது எனக்கே இல்லை, எல்வர்.
உனக்கு நான் எப்படித் தருவேன்?"

மீண்டும் கிளம்பினோம்.
அடுத்த கேள்விக்கு அவனுக்கு ஒரு கிலோமீட்டர் பிடித்தது.
"அப்படியென்றால்... நான் பெண்ணாகிறேனா?"

"உன் வயதுப் பையன்களில் பாதிப்பேருக்கு இப்படி வரும்.
ஒன்றிரண்டு ஆண்டில் தானே கரையும் என்பார்கள்.
நான் மருத்துவர் இல்லை. நாளைக்குச் செவிலி
ரக்ன்ஹெய்தூரிடம் காட்டலாம்."
"அவள் பையன் என் வகுப்பு!"
"சரி, பக்கத்து ஊருக்குப் போவோம்."

பக்கத்து ஊர் அறுபது கிலோமீட்டர்.
அவ்வளவு தூரமும் மறுநாள் நானே பனி ஒதுக்கி,
பிறகு கார் எடுத்து அவனைக் கூட்டிப்போனேன்.
மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு
பட்டாணிக்கு ஒரு நீளமான பெயர் சொன்னார்.
பெயர் இருந்தது அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

திரும்பும்போது நானும் ஒன்று சொன்னேன்:
பன்னிரண்டு வயதில் எனக்கு
ஒரு பக்கம் மட்டும் முதலில் வந்தது.
சாகப்போகிறேன் என்று
பூனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிவைத்தேன்.
"அவர் ஒத்துக்கொண்டாரா?"
"அவரிடம் இரண்டு நாய்கள்."
மூக்கு வழியாக ஒரு சிரிப்பு.
பாதியில் அதுவும் உடைந்து
அடித்தொண்டையில் போய் விழுந்தது.

மார்ச்சில் ஊர்க் குளத்துக்குப் போனோம்.
இரண்டு கதவுகள்.
அவனுடையதற்குள் நான் போக முடியாது.
சுடுதொட்டியில் கழுத்துவரை உட்கார்ந்து
ஆவிக்கிடையே அந்தப் பக்கமே பார்த்திருந்தேன்.
மீன் ஆலைக் கணக்கர் வந்தார்.
இரட்டையர்கள் ஓடி வந்தார்கள்.
கதவு ஆடி ஆடி நின்றது.

வந்தான்.
மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு,
குளிருக்குத்தான் என்று
யாரும் நம்பும்படி.
என்னைப் பார்க்கவில்லை. தொலைவிலிருந்த
தொட்டிக்கு நடந்தான்.

அந்தப் படி வழுக்கும்.
கைப்பிடியைப் பிடிக்க
ஒரு கையையாவது எடுத்தாக வேண்டும்.

எடுத்தான்.