மீட்டர் நோட்டு

நிறத்தைப் பார்த்து வேலைக்குப் போனவர்கள் நாங்கள்.

ஆறு கருஞ்சிவப்பாய் வந்தால் குளிர்கால ஆர்டர்.
பச்சையாய் வந்தால் ஏதோ தேசத்துப் பள்ளிச் சீருடை.
வெறும் நுரை என்றால் சலவைக்கு ஆள் கேட்பார்கள்.
பாலத்தில் சைக்கிளை நிறுத்தி
எட்டிப் பார்த்த பிறகுதான்
எந்தப் பட்டறை என்று முடிவு செய்வார் என் வீட்டுக்காரர்.
நொய்யலில் தண்ணி வருது என்று யாரும் சொன்னதில்லை.
சாயம் வருது என்போம்.

பட்டறைகளுக்குச் சீல் வைத்த வாரம்
ஊரில் ஒருவர் லட்டு கொடுத்தார்.
லட்டைக் கையில் வைத்துக்கொண்டு
வாடகைக்கு யாரிடம் கேட்பது என்று யோசித்தேன்.
எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு பூலாங்காட்டுப்புதூர் தடுப்பணையில்
ஆகாயத்தாமரை அள்ள ஆள் எடுத்தார்கள்.
நானூற்றைம்பது ரூபாய், பதினோரு மணிக்கு டீ.
பதினாறு பெண்கள், இரண்டு பரிசல்,
ஊர் திரும்பக் காசில்லாத பிகாஷ் நாயக்.
இடுப்பளவு சேற்றில் நின்று
மயிலாத்தாள் கேட்டாள்:
"ஏனுங், பூராத்தையும் அள்ளிப்போட்டா
அப்பறம் நமக்கு என்ன வேலைங்?"
காண்ட்ராக்டர் சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.
அன்று பொழுதோடு, வளைவுக்கு அக்கட்ட,
ஒரு பாத்தி அளவு தாமரையை
அள்ளாமல் விட்டு வந்தோம்.
ஆமாம், விதைக்கு.

அள்ளியது கரையில் அழுகியது.
நாற்றம் தாங்காமல்தான் சாணி கரைத்து ஊற்றினோம்.
நாலாம் மாதம் டெம்போவோடு வந்த தோப்புக்காரர்
மூட்டை என்ன விலை என்றார்.
எனக்கென்ன தெரியும்?
நூத்திப்பத்து என்றேன்.
தொண்ணூறுக்கு முடித்தார்.
பரிசோதனைக்குக் கொடுத்ததில்
தென்னைக்குப் போடலாம், கீரைக்கு வேண்டாம் என்று சீட்டு வந்தது.
சீட்டை லேமினேட் செய்து கொட்டகையில் மாட்டியிருக்கிறோம்,
கீரைக்காரர் எத்தனை கெஞ்சினாலும் தருவதில்லை.
விட்டுவைத்த பாத்தியை எப்போது அள்ளினோம்?
நோட்டில் இல்லை.

குழுக் காசில் வாங்கிய மீட்டர் பேனா மாதிரி இருக்கும்.
ஆற்றில் முக்கினால் உப்பைச் சொல்லும்.
தை மூன்று: 4180.
சித்திரை முதல் வாரம்: 5020.
ஐப்பசி, நல்ல மழைக்கு மறுநாள்: 1940.
நாலாயிரத்தில் ஒன்றும் ஆகாது, கரையில் நட்ட புல்கூடக் கருகும்.
இரண்டாயிரத்துக்குக் கீழே சோளத்துக்குப் பாய்ச்சலாம்.
தட்டு விளைந்தால் மாடு, மாடு வந்தால் சொசைட்டியில் பால்.
நாலு வீட்டில் இப்போது பால் அட்டை இருக்கிறது.
ஆயிரத்துக்குக் கீழே என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.
அதில் இன்னும் தலைப்பு மட்டும்தான்.

பட்டறையும் திறந்துவிட்டது,
சொட்டு வெளியே விடமாட்டோம் என்று போர்டு வைத்து.
இவர் அங்கேதான், இரவு ஷிப்ட்.
பாலத்தில் இப்போதும் நிறுத்துவார்.
பார்க்க நிறம் இல்லை.
எனக்குப் போன் போட்டு
"இன்னைக்கு எத்தன?" என்பார்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி இடியும் மழையும்.
விடியலில் முக்கினேன்: 6310.
துடைத்து மறுபடி முக்கினேன்.
6310.
சோளக்காட்டு மோட்டாரை நிறுத்த
பிகாஷ் வரப்பில் விழுந்து ஓடினான்.

அன்றைக்கு இவர் போன் வரவில்லை.
எட்டு மணிக்கு வந்தார்.
சோற்றைப் பிசைந்த விரல்களில்
நகக்கண் எல்லாம் நீலம்.
எதிரில் நோட்டு திறந்திருந்தது.
எழுதாதே என்று சொல்லவில்லை.
எழுது என்றும் சொல்லவில்லை.
தண்ணீர்ச் சொம்பை
என் பக்கம் தள்ளிவைத்தார், அவ்வளவுதான்.

எழுதினேன். மணி, மழை, எண்.
யார் என்பதற்கு நோட்டில் கட்டமில்லை,
ஓரத்தில் கோடு போட்டு ஒன்று புதிதாய்ச் சேர்த்தேன்.

கலெக்டர் ஆபீஸ் போகிற ஒன்பதரை பஸ்ஸில்
துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள் மயிலாத்தாள்.