இந்த வருசம் யாரு அடிக்கிறது

போன வருசம் பதினொரு மெட்ச்,
ஏழு கோல்.
அதில் நாலு நிரோஜன் அடித்தது.
ஒன்று, நாவலப்பிட்டிக்காரன்
தன் கம்பத்துக்குள் தானே முட்டிக் கொடுத்தது.
மிச்சம் இரண்டும் யாருடையது என்று
வகுப்பறையில் இன்னும் வழக்கு நடக்கிறது.

நிரோஜன் இப்போது கொழும்பில்.
செருப்புக் கடையொன்றில்
ஏணியில் ஏறிப் பெட்டி இறக்குகிறான்.
நாற்பத்திரண்டு, கறுப்பு,
இடது கால் மட்டும் காட்டு என்பார்களாம்.
அவனுடைய இடது காலைப் பற்றி
அங்கே கேட்க ஆளில்லை.

நான் கோல் கீப்பர்.
முன்வரிசையைப் பற்றிப் பேச
உனக்கென்னடா தெரியும் என்பான் புவிராஜ்.
ஆட்டம் முழுக்க அவர்களுடைய
முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நான்தான்.
முகம் பொய் சொல்லும்.
முதுகுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

புவிராஜின் முதுகு அவசரக்கார முதுகு.
பிரட்டுக்கு மணி அடிக்குமுன்னே
மலையில் போய் நிற்கிற ஆளைப்போல
பந்துக்கு முன்னால் போய் நிற்கும்.
ஒப்சைட் கொடி அவனைக் கண்டதும்
தானாகவே எழும்பும்.

வலது பக்கம் அஸ்மிர்.
விடியுமுன் பான் பெட்டியோடு
மூன்று டிவிசன் சுற்றுகிறவன், மூச்சு இருக்கிறது.
ஆனால் கோர்னர் மூலைக்குப் போய்விட்டால்
பந்தைக் கேட்கிறவனை
கடனுக்குக் கேட்கிறவனைப் போலப் பார்ப்பான்.
கொடுக்கமாட்டான்.

பிறகு அந்தப் புதுப் பொடியன், தயாநிதன்.
மேல் டிவிசன். தோளில் எலும்பு தெரியும்.
அவர்கள் விளையாடுவது ரோட்டு வளைவில்;
பந்து விலகினால்
கீழே ஆறு.
அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.
அதனால் அவன் குறி தப்பாது.
அதனாலேயே அவன் அடிப்பதுமில்லை.
கம்பத்துக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு
ஆற்றை யோசிப்பான்.

ஜெபநேசன் சேருக்கு வணிகக்கல்வி.
உதைபந்தைத் தொட்டதில்லை, கணக்கு மட்டும் எழுதுவார்.
கரும்பலகையில் கோடு கிழித்து
இந்தப் பக்கம் வாய்ப்பு, அந்தப் பக்கம் கோல்.
"முப்பத்தெட்டு வாய்ப்பு, ஏழு கோல்.
கடையாக இருந்தால் பூட்டியிருப்பேன்டா."

என் அம்மா பதினெட்டு கிலோவுக்கு
பதினாறு எடுத்த நாளில்
அரைப்பேர் போட்டார்கள்.
கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கும்
ஒரு அரைப்பேர் போடுங்க சேர் என்றேன்.
சிரித்தார். எழுதவில்லை.

நேற்று நோர்வூட் மைதானத்தில் பயிற்சி.
மூன்றரைக்கே மூட்டம் இறங்கி
நடுக்கோட்டை விழுங்கிவிட்டது.
அந்தப் பக்கக் கோல்
இருக்கிறதா என்றே தெரியவில்லை.
முதுகுகள் ஒவ்வொன்றாய் வெள்ளைக்குள் போயின.
முதலில் புவிராஜ், சொல்லவே வேண்டாம்.

காதால்தான் பார்த்தேன்.
அஸ்மிரின் பூட்ஸ், ஆணி கழன்றது,
சளக் சளக்.
புவிராஜ் "குடுடா, குடுடா."
பிறகு யாரும் எதுவும் கேட்காத
ஒரு சின்ன இடைவெளி.
பிறகு ஒரு உதை.
அடிவயிற்றிலிருந்து வருமே, அந்த மாதிரி உதை.
பிறகு தேயிலைக்குள் சரசரப்பு.

தேயிலைச் சத்தத்தை நம்பமுடியாது.
விலகிப் போனாலும் அங்கேதான் போகும்.
வலை கிழிந்திருப்பதால்
கோல் விழுந்தாலும் அங்கேதான் போகும்.

நான் கையுறையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
முகங்களாகத் திரும்பி வந்தார்கள்.
"யாரு அடிச்சது?"
நான்தான் என்றான் புவிராஜ்.
நான் குடுத்தது என்றான் அஸ்மிர்,
வாழ்க்கையில் முதல்முறையாக.
கடைசியாக வந்த தயாநிதன் ஒன்றும் சொல்லவில்லை.
பந்து அவன் கக்கத்தில்.
முழங்கால்வரை ஈரம்,
கான் சேறும் ஒரு அட்டையும்.

இறங்கி எடுத்தவன் அவன்.
அடித்தவனே எடுக்க வேண்டும் என்பது
மேல் டிவிசன் சட்டம்தான்,
இங்கே இல்லை.
நான் அதைச் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.

சனிக்கிழமை தலவாக்கலையோடு.
வெயில் வந்தால் நல்லது.
வராவிட்டாலும் நான் நீளமாகத்தான் உதைப்பேன்.
போய்ச் சேர்ந்த இடத்தை
யாராவது வந்து சொல்லட்டும்.