எழுபத்திரண்டில் ஒன்று

பகலில் மண்ணடியில், பல் செய்யும் கூடத்தில்
யார் யாருக்கோ கடைவாய்ப்பல் செதுக்குகிறேன்.
இரவில் தண்டையார்பேட்டை வீட்டில்
அதே மெழுகுக் கத்தியால்
கடற்காகம்.

ஒரு கடைவாய்ப்பல் மேல்
இரண்டு உட்காரலாம், நெருக்கியடித்து.

அளவு எழுபத்திரண்டில் ஒன்று.
அலகிலிருந்து வால்வரை ஒரு சீரகத்தின் நீளம்.
எம்-சீலின் இரண்டு நிறமும் ஒன்றாகும்வரை பிசைந்து
ஃபியூஸ் கம்பியில் ஒரு துளி ஏற்றி
தண்ணீர் தொட்ட விரலால் உருட்டினால்
முதலில் வருவது எப்போதும் புறாதான்.
கழுத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி
மார்பைத் தாழ்த்தி
இறக்கை நுனி வாலைத் தாண்டும்படி இழுத்துவிட்டால்
புறா கடலுக்குப் போகிறது.

கண்தான் சிக்கல்.
சரியான அளவில் வைத்தால் தெரியாது.
தெரியும்படி வைத்தால் பொய்.
கண்டெய்னர் லாரி கடந்து
மேசை அடங்கும்வரை காத்திருந்து
மூச்சை நிறுத்தி
ஒற்றை மயிர்த் தூரிகையால்
ஒவ்வொரு முறையும் பொய்யைத்தான் வைக்கிறேன்.

வெள்ளையும் வெள்ளை இல்லை.
டப்பாவில் இருப்பதை அப்படியே பூசினால் சுண்ணாம்புக் கட்டி.
சாம்பல் ஒரு சொட்டு, மஞ்சள் அதில் பாதி.
கால்களுக்குச் சிவப்பு.
காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை:
வடக்கே கழற்றி வைத்துவிட்டு வந்த
பழுப்புத் தலையின் மிச்சம்.

படகு காசிமேட்டு தேசப்பனுடையது.
வங்கிக் கடன் அடைந்த சந்தோஷத்தில்
ஷோகேஸுக்கு ஒன்று கேட்டார்.
பதிவெண் சொன்னார். வீல்ஹவுஸ் நீலம் எந்த நீலம் என்று
போனில் மூன்று தடவை சொன்னார்.
பறவை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அது என் ஆசை.

பதினொன்று செய்தேன்.
ஒன்று ரவையில் விழுந்தது, கிடைக்கவே இல்லை.
உப்புமா சாப்பிட்ட மூவரும் நலம்.

மிச்சம் பத்தை
கூரையில், பக்கக் கம்பியில், வலைக் குவியலில்
ஒன்று இங்கே பார்க்க, ஒன்று அங்கே பார்க்க
கல்யாண போட்டோக்காரன் கவனத்தோடு நிறுத்தினேன்.
பழைய டூத்பிரஷ்ஷைச் சுண்டி
கூரையெல்லாம் எச்சம் தெளித்தேன்.
எச்சம் விழுந்ததும்தான் அது படகானது.

தேசப்பன் எண்ணைச் சரிபார்த்தார். நீலத்தைச் சரிபார்த்தார்.
ஏலத்திலிருந்து நேரே வந்திருந்த பூங்காவனம்
முழங்கையில் செதில் மினுங்க
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.
"கொடி எந்தப் பக்கமா பறக்குது?"
தெற்கே, என்றேன். வாடைக் காத்து.
"அப்ப இதுங்க இன்னாத்துக்கு ஆளுக்கொரு பக்கம் பாக்குது?
காத்துக்கு முதுகு காட்டி எதுனா குந்துமா?
எறக்கைல பூந்து தூக்கிடாது?"

கடலுக்கு அரைக் கல் தூரத்தில் முப்பத்தாறு வருஷம்.
பார்த்திருக்கிறேன்.
ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன்.

அன்றிரவு பத்தையும் பெயர்த்தேன்.
உடம்பு வந்தது, கால்கள் வரவில்லை.
பசை பிடித்த இடத்திலேயே ஒடிந்து நின்றன.
புதுக் கால், புது இடம்,
பத்தும் வடக்கே பார்த்து.
அழகு கொஞ்சம் குறைந்தது.
காற்று வந்துவிட்டது.

பழைய கால்களைத் தேய்த்தெடுக்க அரத்தைக் கையில் எடுத்தேன்.
தேய்த்தால் நீலம் போகும்.
அந்த நீலம் மறுபடி கைக்கு வராது.
விட்டுவிட்டேன்.
எச்சத்துக்கு நடுவே
ஜோடி ஜோடியாய்ச் சிவப்புக் குச்சிகள்,
மேலே ஒன்றுமில்லாமல்.

தேசப்பன் கவனிக்கவில்லை, பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.
பூங்காவனம் கூரையை ஒரு முறை பார்த்தார்,
என்னை ஒரு முறை.
பையிலிருந்து வஞ்சிரத்தை எடுத்து மேசையில் வைத்து
"இன்னிக்கே ஆக்கிடும்மா" என்றார்.